முதுகு இல்லாதவர்கள்

டண்டீயில் அந்த மார்ச் முழுக்க மழை.
பழைய சணல் கிடங்கின் மூன்றாம் மாடி,
படிக்கட்டில் இன்னும் திமிங்கில எண்ணெய் வாடை.
எங்களுக்குக் கொடுத்தது பதினான்கு வாரம்,
இரண்டு மெகாபைட்,
அமெரிக்காவிலிருந்து தபாலில் வந்த ஒரு முழு நரகம்.

கணினியில் அது பெரிய வீடு.
மணிக்கூண்டு, சதுப்பு, வண்ணக் கண்ணாடி,
கையில் கோடரியோடு நீங்கள்.
எங்கள் சாம்பல் நிறப் பெட்டியோ ஒண்டுக்குடித்தனம்.
கட்டில் உள்ளே வந்தால்
அலமாரி வெளியே போக வேண்டும்.

முதலில் தூரத்தை விற்றோம்.
இருபதடிக்கு அப்பால் இருட்டு;
உறையில் அதற்கு 'மர்மம்' என்று பெயர் அச்சானது.
பிறகு தண்ணீரின் அலை.
பிறகு வானத்தில் பாதி.
அப்படியும் கதவு சாத்தவில்லை.

இஷ்பெல் கெயர்ட் பிஸ்கட் டப்பா மூடியில் கணக்குப் போட்டாள்.
ஒவ்வோர் அரக்கனுக்கும் எட்டுத் திசை:
முகம், முக்கால் முகம், விலா, பிடரி,
ஒவ்வொன்றிலும் நாலு எட்டு நடை.
"முகம் போதும்" என்றாள்.
"முகத்தைப் பார்த்துத்தானே சுடுகிறார்கள்."
யாரும் பதில் சொல்லவில்லை.
ஹீட்டர் மட்டும் டிக் டிக்கென்றது.

நீக்கும் வேலை என்னுடையது.
ஒரு வரிக் கட்டளை, பார்க்காமலே அழித்திருக்கலாம்.
பார்த்தேன்.
மூன்றாம் கோபுரத்துச் சாம்பல் துறவி,
கொக்கிக் கத்தி, எரியும் தாடி.
அவன் முதுகில், அங்கியில், வலது தோளுக்குக் கீழே
ஒட்டுப்போட்டிருந்தது.
நான்குக்கு நான்கு புள்ளி.
கறுப்பில் பச்சை.
ஓரத்தில் ஒரே ஒரு வெளிர் புள்ளி: நூல் முனை.

யாரோ வரைந்திருக்கிறார்கள் இதை,
மேசை விளக்கடியில், சாப்பாட்டை ஆறவிட்டு.
யார் தைத்துக் கொடுத்தது அவனுக்கு?
நரகத்தில் ஊசி யாரிடம் இருக்கும்?
கேட்டுக்கொண்டிருந்தால் கெடு தாண்டிவிடும்.
அழித்தேன்.

அன்றிலிருந்து ஒருவரும் புறமுதுகு காட்டவில்லை.
பயந்து ஓடும்போதுகூட
முகத்தை எங்களிடம் வைத்துவிட்டு
பின்னோக்கி வழுக்கிக்கொண்டு போனார்கள்.
வீரம் இப்படியும் வரும்,
நினைவகம் போதாமல்.

இரவுச் சோதனைக்கு வருகிற டூகல் லாமண்ட்
பிழைப் பட்டியலில் எழுதியிருந்தான்:

எண் 412. துறவியைச் சுற்றி வந்தேன். அவனும் சுற்றுகிறான்.
தூணுக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். அங்கேயும் முகம்.
கணினியில் பூனை மாதிரிப் பின்னால் போய் நிற்பேன்.
அவனுக்குத் தெரியாது. கொல்லக்கூட மாட்டேன்.
சும்மா நிற்பேன்.

எதிரே நான் எழுதினேன்: "அது அப்படித்தான்."
கோப்பை மூடினேன்.

கடைசிப் பேருந்து போய்விட்டது. ஆற்றோரம் நடந்தேன்.
டே ஆற்றில் ஓதம் இறங்கியிருந்தது.
ரயில் பாலத்தை ஒட்டி,
என்றோ விழுந்த பாலத்தின் அடிக்கட்டைகள்,
வரிசை தப்பாமல்,
எதையும் தாங்காமல்.
மேலே வெளிச்சத்தோடு ஒரு ரயில்
அவற்றைப் பார்க்காமல் கடந்தது.

எனக்கு முன்னால் மழைக்கோட்டில் ஒரு பெண்,
அவளுக்கு முன்னால் நனைந்த நாய்,
அதற்கும் முன்னால் சிப்ஸ் பொட்டலத்தோடு இரண்டு பேர்.
எல்லாருக்கும் முதுகு இருந்தது.
எவ்வளவு இடம் பிடிக்கிறது அது!
ஒருத்தரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.
அத்தனை நிம்மதி.

மறுநாள், மூலத்தட்டு எரிக்கும் முன்,
ஆறாம் கட்டத்துச் சாக்கடையில்,
கதவு திறக்காத பக்கத்துக் கறுப்புச் சுவரில்
பதினாறு புள்ளி வைத்தேன்,
பதினைந்து பச்சை, ஒன்று வெளிர்.
இஷ்பெல்லிடம் சொல்லவில்லை.

அங்கே மருந்து இல்லை, சாவி இல்லை,
போக ஒரு காரணமும் இல்லை.
இருபதடிக்குள் வந்தால்தான் தெரியும்,
அதுவும்
நின்றால்.