மேகத்துக்குக் காவல்

என் தம்பி சிக்ஸ்டென் மேகத்துக்குக் காவல்காரன்.
சிரிக்காதீர்கள். சம்பளச் சீட்டில் அப்படிப் போடவில்லை,
வேலை அதுதான்.
லூலெயோவுக்கு வெளியே, ஆற்றை ஒட்டி,
ஜன்னலே இல்லாத நீளக் கட்டடம்,
இரண்டு சுற்று முள்வேலி, ஒரு நாய்.
வானத்தில் வைத்திருப்பதாக உலகம் நினைக்கிறதெல்லாம்
அங்கே தரையோடு தரையாகத்
திருகாணி போட்டு முடுக்கிக் கிடக்கிறது.

மேகம் என்று பேர் வைத்தவர்
ஒரு நாளும் அண்ணாந்து பார்த்தவரில்லை.
மேகம் கொண்டுவந்ததைக் கொட்டிவிட்டுப் போகும்,
யார் வயல் என்று விசாரிக்காது.
இது மாதம் முப்பது குரோனா கேட்கிறது,
அப்புறம் கடவுச்சொல் கேட்கிறது.

எனக்கு வேலை வீடு வீடாக.
கட்டு மாற்றுவேன், சர்க்கரை பார்ப்பேன்,
எழுதுவதெல்லாம் டேப்லெட்டில்.
முன்பு காரின் பின்சீட்டில் காப்பி கொட்டிய கோப்புகள் இருந்தன;
அவற்றுக்காக நான் அழப்போவதில்லை.
ஆனால் மைனஸ் இருபத்தேழில் இது செத்துப்போகும்,
சார்ஜ் அறுபது சதவீதம் என்று சொல்லிக்கொண்டே.
அதனால் கோட்டுக்குள், ஸ்வெட்டருக்கும் உள்ளே,
வயிற்றோடு அணைத்தபடி பனியில் நடக்கிறேன்.
பஸ் நிறுத்தத்தில் ஒருத்தி எத்தனை மாதம் என்று கேட்டாள்.
எனக்கு ஐம்பத்து மூன்று வயது.

விசைப்பலகை இல்லாதது கணினியே இல்லை
என்பாள் அலுவலகத்தில் பெர்னில்லா.
இன்னும் ஐந்து வருடத்தில் மேசையே இருக்காது
என்பான் யோக்கிம். சொல்லி ஏழு வருடமாயிற்று.
மேசை இருக்கிறது,
அதன்மேல் இருவர் சார்ஜர்களும் பின்னிக் கிடக்கின்றன.

இங்கெயெர்டுக்குக் கால் புண் மெல்ல ஆறுகிறது.
அவள் கணவன் ஆல்வர் அக்டோபரில் போய்விட்டான்.
டேப்லெட்டைத் தேநீர்த் தட்டு மாதிரி
இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துப் படமெடுக்கிற ஆள்,
பார்த்தவர்கள் சிரிப்பார்கள், நானும் சிரித்திருக்கிறேன்.
ஆற்றில் ஐஸ் உடைகிற நாள்,
வருடா வருடம், அதே பாலத்திலிருந்து,
பதினோரு வருடம்.
எல்லாம் மேலே பத்திரமாக இருக்கிறது என்பான்,
கூரையைக் காட்டி.

மேலேதான் இருந்தது.
கடவுச்சொல் அவனோடு கீழே போய்விட்டது.

நாயின் பேரைப் போட்டுப் பார்த்தாள், படகின் பேரை,
கல்யாண நாளை,
தப்பாக நினைவு வைத்திருப்பானோ என்று
அதற்கு முந்தின நாளையும்.
பூட்டிக்கொண்டது.
கம்பெனி மரியாதையாக எழுதியது:
தங்கள் இழப்புக்கு வருந்துகிறோம், நான்கு சான்றிதழ் அனுப்பவும்.
அனுப்பினாள். மறுபடி வருந்தினார்கள்.
அதற்கிடையில் அவன் பேருக்கே வேறொரு கடிதம்:
இடம் நிறைந்துவிட்டது ஆல்வர்,
கூடுதல் இடம் வாங்கிக்கொள்ளுங்கள்.

உன் தம்பி அங்கேதானே இருக்கிறான், என்றாள் ஒரு நாள்,
நான் துணியைப் பிரித்துக்கொண்டிருந்தபோது.
படங்கள் அங்கே இருக்கும் என்று சொல்ல முடியாது,
அயர்லாந்தில் இருக்கலாம்,
துண்டு துண்டாக மூன்று நாட்டில் இருக்கலாம்,
தம்பிக்கு உள்கதவுச் சாவிகூடக் கிடையாது,
என்றெல்லாம் சொன்னேன்.
பாதிரியார் பேச்சைக் கேட்பதுபோல்
முடியும்வரை கேட்டாள்.
சுவரையாவது ஒரு தடவை தட்டச் சொல், என்றாள்.

சிக்ஸ்டெனிடம் சொல்லவே எனக்கு நாலு நாள் ஆயிற்று.
கேமரா இருக்கிறது, எழுதிக் கொடுக்கவேண்டி வரும்,
உனக்கு மூளை இருக்கிறதா, என்றான்.
சனிக்கிழமை ராத்திரி இரண்டு மணிக்குப் போன்.
தட்டினேன்.
வடக்குப் பக்கம், சூட்டுக் காற்று வெளியே வருகிற இடம்.
அங்கே மட்டும் பனி ஒட்டுவதில்லை.
நாய் என்னை ஒரு மாதிரிப் பார்த்தது.
வைத்துவிட்டான்.

திங்கட்கிழமை அவளிடம் சொன்னேன்.
கொஞ்ச நேரம் யோசித்தாள்.
கையுறையோடா, கழற்றிவிட்டா?
நான் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை.
கழற்றிவிட்டுத்தான், என்றேன்.