இப்போதைக்கு

ஃப்ளீட்வுட்டில் அது மார்ச் மாதம்.
கடல் இல்லாத திசையிலிருந்தும் உப்புக்காற்று அடித்த வாரம்.
வீடு வீடாக ஏறி இறங்கி
ஆள் கணக்கெடுக்கும் வேலை எனக்கு.
எத்தனை பேர், எத்தனை அறை,
நிரந்தரமாக வசிப்பது இங்கேதானா?

கடைசிக் கேள்விக்கு இரண்டே கட்டங்கள்.
ஆம். இல்லை.
தெருவே கூடிப் பேசி வைத்ததுபோல்
மூன்றாவதாக ஒன்றைச் சொன்னது:
ஃபார் த டைம் பீயிங்.

எட்டாம் எண், மார்ஜரி ஹெஸ்கெத்.
கையில் முள்கரண்டியோடு கதவைத் திறந்தாள்.
"மகன் வந்திருக்கிறான், இப்போதைக்கு."
மகனுக்கு நாற்பத்தாறு.
கூடத்தை அடைத்துக்கொண்டு அவனுடைய டிரம் செட்,
அதன் மேல் காயும் துணிகள்.

பத்தாம் எண்ணில் கூரை ஒழுகுகிறது.
வாளி வைத்திருக்கிறார்கள், இப்போதைக்கு.
வாளிக்குள் பாசி.
பாசியில் ஒரு நத்தை.
அதையும் சேர்த்துக்கொள்வதா என்று
ஒரு கணம் பேனா தயங்கியது.

சரிவில் நிறுத்திய வேனின் சக்கரத்துக்கு
அண்டக்கொடுத்த கல்லைப் போல
வாக்கியத்தின் கடைசியில் உட்கார்ந்திருக்கிறது அந்தச் சொல்.
எடுத்துவிட்டால்
மகன் வந்திருக்கிறான், அவ்வளவுதான்.
வாக்கியம் உருண்டு நேரே கடலுக்குப் போய்விடும்.

முன்னால் வந்தால் வேறு கதை.
"இப்போதைக்கு, படகு இயங்காது."
"இப்போதைக்கு, கூடுதல் நேரத்துக்குச் சம்பளம் இல்லை."
என் மேற்பார்வையாளர் பிரெண்டர்காஸ்ட்
எப்போதும் முன்னால்தான் வைப்பார்.
முன்னால் வந்தால் அலுவலகம்,
பின்னால் வந்தால் வீடு.

பதினான்காம் எண்.
லெஸ்லியும் காரலும் விவாகரத்தானவர்கள்.
வீடு விற்றதும் ஆளுக்கொரு பக்கம்.
விற்பனைப் பலகையை ஐவிக்கொடி மூடி
தொலைபேசி எண்ணில் கடைசி மூன்று இலக்கம்தான் தெரிகிறது.
"சேர்ந்துதான் இருக்கிறோம்" என்றான் அவன்.
"இப்போதைக்கு" என்றார்கள் இருவரும்,
ஒரே மூச்சில்.
பிறகு ஒருவரையொருவர் பார்க்காமல் சிரித்தார்கள்.
நான் காலணியைப் பார்த்தேன்.

பிரித்துப் படித்தால் விசித்திரம்தான்.
காலம் என்று ஒன்று
இருந்துகொண்டிருக்கும் மட்டும், என்று ஆகிறது.
அப்படியானால் அது சின்னச் சொல் இல்லை.
அதைவிட நீளமான கெடு
எந்தப் பத்திரத்தில் உண்டு?

தெருக்கோடியில் டாட்டர்சால்.
தொண்ணூற்றொரு வயது, மூக்கில் ஆக்சிஜன் குழாய்.
நிரந்தரமாக இங்கேதானா?
"ஆமாம்" என்றார்.
மிச்சத்துக்காகக் காத்திருந்தேன்.
இந்த வயதில் அந்த நகைச்சுவையை யாரும் விடமாட்டார்கள்.
அவர் குனிந்து கட்டத்தைப் பார்த்தார்.
"அழுத்திப் போடு, தாள் கிழிந்தாலும் பரவாயில்லை."

ஆறு மணி டிராமில் என் படிவத்தைப் பிரித்தேன்.
மீன் ஆலை மூடிய வருடம்
ஐலீனின் மாடி அறைக்கு வந்தேன்,
இரண்டு பெட்டியோடு, இப்போதைக்கு.
ஒரு பெட்டியை இன்னும் திறக்கவில்லை.
உள்ளே என்ன இருக்கிறது என்பதும் மறந்துவிட்டது.
ஐலீன் சாவியில் என் பெயர் எழுதி
ஆணியில் மாட்டியிருக்கிறாள்.
அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை.

கறுப்பு மையால் மட்டும் நிரப்பவும்
என்று மேலே அச்சடித்திருந்தது.
ஆம் என்ற கட்டத்தில் குறியிட்டேன்.
பென்சிலால்.