ஏழாவது பெட்டி

படிவத்தில் ஒரே ஒரு கட்டம்தான்:
கண்டுபிடித்தவர் பெயர்.
முன்னெழுத்தோடு எழுதினால்
கோட்டைத் தாண்டிவிடும்.

முதல் பெட்டியைக் கப்பலூரிலிருந்து கொண்டுவந்தபோது
அந்தப் பெயர் நான்தான் என்றிருந்தேன்.
இரட்டைச் சுவர், நடுவில் நுரை,
மூடியில் எங்கள் முத்திரை.
காரங்காட்டுக் கரையில் இறக்கினேன்.
விண்ணரசி முழங்கைவரை உள்ளே விட்டுப் பார்த்தாள்.
"நல்லாத்தான் இருக்கு சார்.
நண்டத் தவிர யார வேணும்னாலும் வைக்கலாம்."

மாலை தொண்டியில்
அபுதாகிர் பாயின் தராசுக்கு முன்னால்
முப்பத்தெட்டு நண்டு. இருபத்தொன்று செத்திருந்தது.
பாய் ஒன்றும் சொல்லவில்லை.
பில்லில் பதினேழு என்று எழுதினார்.

இரண்டாவதில் தண்ணீர் நிறைத்தேன்.
கடலில் இருந்ததற்குக் கடல்தானே வேண்டும்?
ஒன்பது மணிப் பேருந்தில்
நடத்துநர் முத்திருளாண்டி
விசிலை வாயிலிருந்து எடுத்து
ஒரே சொல் சொன்னார்: "இறக்கு."
சீட்டுக்கு அடியில் ஓடிய உப்புநீர்
கல்யாணத்துக்குப் போகிற ஒரு பட்டுப்புடவையை
எட்டிப் பிடித்திருந்தது.
என் கூட்டங்கள் எதற்கும் அவரை நான் அழைத்ததில்லை.
மூன்றாவது பெட்டிக்கு அளவு தந்தது
அவருடைய சாண்:
"இதுக்கு மேல உசரம்னா என் வண்டியில ஏறாது."

வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்த சலேத்தம்மா
தலை தூக்காமல் சொன்னாள்:
"தண்ணி எதுக்கு?
தான் விட்ட மூச்சுலயே மூச்சுமுட்டிச் சாவுதுக.
ஈரம் போதும். ஒரு சாக்கு."
முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்றேன்.
"நீங்க என்ன கலர் வேணும்னுதான கேட்டீங்க."

நான்காவதில் சாக்கு. ஐந்தாவதில் சாக்கு வடிய ஒரு தட்டு.
ஐந்தாவதுக்குப் பிறகு சண்டை.
அச்சுக்கூலியில் பாதி தருகிறேன் என்றார் பாய்,
பெட்டி வாங்குகிறவர்கள்
நண்டை எனக்கே தரவேண்டும்.
பெண்கள் எழுந்துவிட்டார்கள்.
"பெட்டி அவரோடதுன்னா
நண்டும் அவரோடது. அப்பறம் விலையும் அவர் வாய்தான்."
விண்ணரசி செருப்பைத் தேடினாள்.
பாயும் விடவில்லை:
"செத்ததுக்கு அஞ்சு வருசமா நட்டம் தாங்குறேன்,
அது யாருக்காச்சும் தெரியுமா?"
யாருக்கும் தெரியாது. எனக்கும்.
அதுவரை நான் எண்ணியது பெட்டிகளை மட்டும்.

கச்சான் ஓங்கி அடித்த மூன்று வாரம்
வள்ளங்கள் கரையில் கிடந்தன,
பேச்சும் கிடந்தது.
பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து
பாயே வந்தார், கையில் ஒரு காலண்டர் தாள்.
பின்பக்கத்தில் அவர் கையெழுத்து:
நண்டு யாருக்கும் விற்கலாம்.
பாதிக் கூலி கடனாக,
உயிரோடு வரும் கிலோவுக்கு ஒரு ரூபாயாகக் கழியும்.
சலேத்தம்மா வாசிக்கச் சொல்லி இரண்டுமுறை கேட்டாள்.
"வேற யாருக்காச்சும் வித்த கிலோவுக்கு?"
பாய் சிரித்தார்.
"அதத்தான் நீங்க கேக்கக் கூடாதுன்னு பாத்தேன்."

ஆறாவது என் தவறு, அதைப் பேச வேண்டாம்.

ஏழாவதில் நாற்பது நண்டு வைத்தோம்.
இரண்டு செத்தது.
முத்திருளாண்டி லக்கேஜ் சீட்டு கிழித்தார்,
தொழிற்சாலையில் கைதட்டினார்கள்,
மேலாளர் படிவத்தை அனுப்பினார்:
சட்டென்று நிரப்பு, காப்புரிமை வக்கீல் காத்திருக்கிறார்.

கட்டத்தில் விண்ணரசி என்று எழுதினேன், அடித்தேன்.
சலேத்தம்மா. அடித்தேன்.
நடத்துநரின் சாணை எந்த அலகில் எழுதுவது?
கேட்கலாம் என்று கரைக்கே போனேன்.

பெட்டி வந்திறங்கி ஒரு மணிநேரம்கூட ஆகவில்லை.
அடுப்பில் காய்ச்சிய கம்பியால்
பக்கச் சுவரில் ஒரு ஓட்டை போட்டிருந்தாள் விண்ணரசி,
என் முத்திரையின் நடுவே.
உருகிய பிளாஸ்டிக் நாற்றம் இன்னும் போகவில்லை.
"சாய்ச்சு வச்சா தண்ணி நிக்குது சார், அதான்."

கோபம் வந்தது. உண்மையைச் சொல்கிறேன்,
நன்றாகவே வந்தது.
பிறகு படிவத்தைத் திருப்பிப் போட்டு
முழங்காலில் வைத்துக்கொண்டேன்.
பையிலிருந்து அளவுகோலை எடுத்தேன்.
பதினோரு மில்லிமீட்டர்.
அடியிலிருந்து இரண்டு விரல்.
"யார் விரல்?" என்றேன்.
அவள் கையை நீட்டினாள்.