பாக்கெட் இல்லாத சட்டை

"எத்தனை?" என்றார் டாக்டர் ஹெப்சிபா.
"விட்டாச்சும்மா" என்றேன்.
அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை,
சட்டைப் பையின் மேல் விழுந்திருந்த
சின்னச் செவ்வக மடிப்பைப் பார்த்தார்.
முப்பத்தைந்து வருஷமாகத் துணி தைக்கிறவன்.
எனக்கல்லவா முதலில் தோன்றியிருக்க வேண்டும்.

பட்டையைச் சுற்றி பம்ப் அடித்தார்.
நூற்றறுபதுக்கு நூறு.
என் கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்பைக்
கேட்காமலே உருவி
இடுப்பைச் சுற்றிப் பிடித்தார்.
பெரம்பூருக்கே அளவெடுத்தவன்
வயிற்றை எக்கி நின்றேன்.
"மூச்ச விடுங்க ஏகாம்பரம்.
இப்படி நிக்கிறவங்களுக்கு
ஒரு இஞ்ச் சேர்த்துதான வெட்டுவீங்க?"
நாற்பத்தொன்று.

திட்டுவார் என்றிருந்தேன்.
அப்பா எந்த வயதில் போனார் என்று கேட்டார்.
ஐம்பத்திரண்டு. தீபாவளிக்கு முந்தின ராத்திரி,
காஜா எடுத்துக்கொண்டிருந்தார்,
ஊசியில் நூல் மீதியிருந்தது.
என் வயது ஐம்பத்தொன்று என்று
சீட்டின் மேலேயே எழுதியிருந்தது.
இரண்டு பேரும் அதைப் பேசவில்லை.

வெளியே பதினோரு பேர் காத்திருந்தார்கள்.
ஒரு மாத்திரை எழுதினார். அப்புறம்,
"அடுத்து உங்களுக்குச் சட்டை தைக்கும்போது
பாக்கெட் வைக்காதீங்க.
இந்த மாசம் அது போதும்.
ஊறுகாய்க்கு அடுத்த மாசம் சண்டை போடலாம்."

தைத்தேன்.
நாயர் கடையில் டீ வந்ததும்
கை தானாக இடது மார்புக்குப் போகும்,
வெறும் துணியைத் தடவும்,
அடியில் அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருக்கும்,
கை திரும்பி வரும்.
முதல் வாரமே தோற்றேன்:
பென்சில் செருகும் காதில் செருகிக்கொண்டு.
போய்ச் சொன்னேன். எழுதிக்கொண்டார்.
"பிரிச்சுத் தைக்கிறது உங்களுக்குப் புதுசா?" என்றார்.

இப்போது ஜமாலியாவிலேயே பஸ்ஸை விட்டு இறங்கி
பேப்பர் மில்ஸ் ரோடு வரை நடக்கிறேன்.
தினமும் இல்லை.
மழை பெய்தால் அந்த ரோட்டில்
யாராலும் நடக்க முடியாது, நீந்தத்தான் வேண்டும்.
ஊறுகாய்ச் சண்டை இன்னும் முடியவில்லை,
வீட்டில் சரளா டாக்டர் கட்சி.

நேற்று முப்பத்தொன்பதரை.
ஆணி அடித்து பெல்ட்டில் புது ஓட்டை போட்டேன்.

வருகிற தீபாவளிக்கு எனக்கு ஐம்பத்திரண்டு.
ஆர்டர் குவிந்து கிடக்கிறது.
காஜாவுக்குப் பையன் வைத்திருக்கிறேன்.
பத்து மணிக்குக் கடை சாத்திவிடுவதாக
டாக்டரிடம் சொல்லியிருக்கிறேன்.
பதினொன்று ஆகும்.
அவருக்கும் தெரியும்.