பதினைந்து விநாடி

லெஸ்டரில் பழைய காலுறை ஆலை, மூன்றாம் மாடி.
லிஃப்ட் ஓடவில்லை.
ஆய்வாளர் ஹார்க்னஸ் மூச்சு வாங்கியபடி
அதைத்தான் முதல் குறிப்பாக எழுதினார்.
நான் மொழிபெயர்ப்பாளர்.
மணிக்கணக்கில் கூலி, பேருந்துக் காசு தனி.
சொன்னதைச் சொல்ல வேண்டும்,
கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது.
கையெழுத்திட்ட தாளில் அப்படித்தான் இருந்தது.

வெள்ளை பனியன்கள் குவிந்து கிடந்தன.
ஒவ்வொன்றின் நெஞ்சிலும் ஒரு கொக்கு ஒட்ட வேண்டும்,
ஏதோ ஒரு கால்பந்து அணியின் கொக்கு,
ஒற்றைக் காலில் நிற்பது.
ஒட்டுகிறவர்கள் இரண்டு காலிலும் நின்றார்கள்,
காலை எட்டிலிருந்து.
நூற்றறுபது டிகிரி. பதினைந்து விநாடி.
அழுத்து, விடு, உரி.
கழுத்துப் பட்டியில் ஒரு வெள்ளி வில்லை:
சாய்த்தால் பச்சை, நிமிர்த்தால் ஊதா.
அசல் கொக்குதான் என்பதற்கு அத்தாட்சி.
போலிக் கொக்கை விற்றால் வழக்கு வரும்.

முதலாளியின் அறையை எங்களுக்கு ஒழித்துக் கொடுத்தார்கள்.
பிஸ்கட் தட்டு. கதவில் கண்ணாடி.
கண்ணாடிக்கு அப்பால் மேற்பார்வையாளரின் ஒரு தோள்.

முதலில் வந்தவள் சொன்னாள்:
"எங்களுக்கு எல்லாம் முறைப்படி கிடைக்கிறது."
அடுத்தவளும் சொன்னாள்:
"எங்களுக்கு எல்லாம் முறைப்படி கிடைக்கிறது."
ஒருத்தி நாகர்கோவில், ஒருத்தி மன்னார்.
ஒரே வாக்கியம், ஒரே இடத்தில் மூச்சு.
எந்த ஊரில் யார் வாயில்
'முறைப்படி' தானாக வருகிறது?
அதைக் கேட்பது என் வேலை இல்லை.
சொன்னதைச் சொன்னேன்.

மூன்றாவது, தயாபரி.
வளையல் இருக்கும் இடத்தில்
சூட்டுத் தழும்பு, வளையல் மாதிரியே.
ஹார்க்னஸ் நல்ல மனுஷி,
தேநீரை அவள் பக்கம் முதலில் நகர்த்தினார்.
கேள்வி பத்தொன்பது:
சம்பளச் சீட்டில் இருக்கும் மணிநேரமும்
நீங்கள் நின்ற மணிநேரமும் ஒன்றா?

தயாபரி கண்ணாடியைப் பார்த்தாள்.
பக்கத்தில் அச்சு இறங்கி
ஸ்ஸ் என்று துணியைப் பிடித்தது.
அவள் பேசவில்லை.
தேநீரில் ஆடை படிந்தது.
அச்சு எழும்பியது.
"ஓம். ஒண்டுதான்."

நான் சொன்னேன்:
"ஆம், ஒன்றுதான் என்கிறார்.
அதற்கு முன் பதினைந்து விநாடி எடுத்துக்கொண்டார்."

பேனா நின்றது. பிறகு எழுதியது.
கூட்டிவிட்டேனா?
அதுவும் அவள் வாயில் இருந்ததுதானே.

மார்ச்சில் ஆலைக்குக் கடிதம் போனது.
உரிமம் வைத்திருக்கும் கம்பெனி
ஒழுக்க நெறிகளில் சமரசம் செய்துகொள்ளாதாம்.
கொக்கைத் தூக்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டது.
எந்த ஊர் என்று யாரும் சொல்லவில்லை.
அங்கே என்ன பாஷை பேசுவார்கள்,
கேள்வி பத்தொன்பதை யார் பெயர்ப்பார்கள்,
அதுவும் தெரியாது.
இங்கே நாற்பத்தொரு பேர் வீட்டில்.

நார்பரோ சாலை நிறுத்தத்தில் தயாபரியைக் கண்டேன்.
கைபேசியைப் பார்ப்பதுபோல் குனிந்தேன்.
அவள்தான் கூப்பிட்டாள்.
"அண்டைக்கு எண்ணினனீங்களோ, அக்கா?"
"எண்ணினேன்."
"நானும் எண்ணினனான்.
அவ இன்னொருக்காக் கேப்பா எண்டு பார்த்துக்கொண்டிருந்தனான்."

என்னிடம் பதில் இல்லை. அவள் அதற்குக் காத்திருக்கவும் இல்லை.
"ஆறு கிழமைச் சம்பளம் நிக்குது" என்றபடி
பையைத் துழாவி
எண்ணெய்க் கறை பட்ட ஒரு குறிப்பேட்டை எடுத்தாள்.
அக்டோபர் பதினாலு, செவ்வாய்.
போனது எட்டு, வெளிக்கிட்டது ஏழரை.
கொக்கு ஆயிரத்து நூற்று நாற்பது.
அடுத்த வரி புதன். அடுத்தது வியாழன்.
ஒரு நாளும் விடவில்லை,
காய்ச்சலில் போனதற்குக்கூட ஒரு சிறு புள்ளி.

"இதை இங்கிலீசில எழுதித் தாங்கோ.
கூட்ட வேண்டாம். குறைக்கவும் வேண்டாம்."

பேருந்து வந்து கதவைத் திறந்து
எங்களை ஒரு முறை பார்த்துவிட்டுப் போனது.