துடைத்துத் தராத இடம்

நினைவகத்தில் நாற்பது எண்களுக்கு
இடம் கேட்டேன்.
மறுபேச்சில்லாமல்
முகவரி ஒன்றை நீட்டியது மாலாக்.
துடைத்துத் தரவில்லை.

சுழியம் நிரப்புமுன் அச்சிட்டுப் பார்த்தேன்:
பதினேழாம் கட்டத்தில்
யாரோ விட்டுப்போன 1938.
குப்பை மதிப்பு, என்றான் ஹைருல்.
மேலே எழுது, போய்விடும்.

பிடாடாரியில் என் வீவக வீடு,
பதினோராம் மாடி.
சாவி தந்த அன்று
புதுச் சாய வாசனை மட்டும்தான்.

வேலை முடிந்தால் விடுவி.
விடுவித்ததும் சுட்டியை வெறுமையாக்கு.
இரண்டாவதைத்தான் மறந்துவிடுகிறேன்.

நவம்பர் இரண்டு, மழை.
கீழே திறந்தவெளிக் கார்ப்பேட்டைக்கு
மெழுகுவத்தியோடு வந்துவிட்டார்
திருமதி பெஸ்தானா.
முப்பத்தொன்றாம் கட்டத்தில்
வெள்ளை டொயோட்டா ஒன்று.
அது கிளம்பும்வரை
குடைக்குள் நிற்கிறார்.