சிரித்தாரா? ஆம் / இல்லை

ஓவர்டைம் நின்று மூன்றாவது மாதம்.
கார்க்கடனுக்கு இருநூறு வெள்ளி துண்டு விழுந்தபோது
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை பஸ்ஸில்
பக்கத்து இருக்கை நோராதான் சொன்னாள்:
வாடிக்கையாளர் மாதிரி போகணும், சாப்பிடணும்,
வந்து எழுதிக் கொடுக்கணும்.
சாப்பாட்டுக்கும் காசு, எழுத்துக்கும் காசு.

வீட்டில் முகுந்தன் கேட்டார்:
உளவு வேலையா?
பகுதி நேரம் என்றேன்.

முதல் வேலை கொம்தாரில், பொரித்த கோழிக் கடை.
கையில் தாள் இருக்கக் கூடாது என்பது விதி.
பதினான்கு பக்கக் கேள்விகளை
பரீட்சைக்குப் போகும் பிள்ளைபோல
ஃபெர்ரியில் வாய்க்குள் உருப்போட்டேன்.
முப்பது விநாடிக்குள் வரவேற்றாரா
பெயர்ப்பட்டை நேராக இருந்ததா
பெரிய கோப்பை வேண்டுமா என்று கேட்டாரா
சிரித்தாரா

பெயர்ப்பட்டை நேராகத்தான் இருந்தது. லோஷினி.
கோப்பையையும் கேட்டாள்.
சிரிக்கவில்லை.
என்னைத் தாண்டி மேலே எங்கோ பார்த்தபடியே
பாக்கிச் சில்லறையை என் உள்ளங்கையில் வைத்தாள்.

அடுத்து நடந்ததை
வீட்டில் இன்னும் சொல்லவில்லை.
கோழியைத் தூக்கிக்கொண்டு கழிவறைக்குப் போனேன்.
தாழிட்டு, மடியில் பெட்டியை விரித்து,
கைப்பையிலிருந்து வெப்பமானியை எடுத்து
தொடைக்கறியில் குத்தினேன்.
அறுபத்தாறு. அறுபத்தேழு.
யாரோ கதவைத் தட்டி "லாமா லாகிக்கா?" என்றார்கள்.
நாற்பத்து நான்கு வயதில்
கோழிக்காலுக்குக் காய்ச்சல் பார்த்துக்கொண்டு
"செகெஜாப்" என்றேன்.

திரும்பி வந்தால் என் மேசையை அவள் துடைத்துக்கொண்டிருந்தாள்.
துடைத்த இடத்தையே துடைத்தாள்.
"அக்கா, நீங்கதானே அது?"

எது?

"கடிகாரத்த ரெண்டு தடவ பாத்தீங்க.
கோழியோட தோய்லெட்டுக்குப் போனீங்க.
போன மாசம் வந்த சீன அங்கிளும்
அப்படித்தான் போனாரு."

என் முகத்தில் அந்த வெப்பமானியை வைத்திருந்தால்
உடைந்திருக்கும்.

காட்டிக் கொடுக்காதே என்று நான் கெஞ்ச வேண்டும்,
அல்லது சிரித்ததாக எழுதுங்கள் என்று அவள்.
இரண்டும் நடக்கவில்லை.

"உள்ளத எழுதுங்க, நான் சிரிக்கல.
ஆனா மேல பாருங்க."

கவுண்டருக்கு நேர் மேலே ஏர்கோன்.
அதன் தாடையில் கம்பி போட்டுக் கட்டிய
ஒரு மயோனிஸ் வாளி.
"மூணு மாசமா ஒழுகுது.
எப்ப நிரம்பும்னு பாத்துக்கிட்டேதான் காசு வாங்குறேன்.
நாங்க சொன்னா மேனேஜர் கேக்க மாட்டாரு.
நீங்க எழுதுனா கோலாலம்பூர் கேக்கும்."

அன்றிரவு படிவம் முழுக்கத் தேடினேன்.
தரை ஈரமா, மேசை பிசுபிசுப்பா,
குப்பைத்தொட்டி முக்கால்வாசிக்கு மேல் நிரம்பியதா,
எல்லாம் இருந்தது.
கூரைக்கு ஒரு கேள்வி இல்லை.
வாடிக்கையாளர் அண்ணாந்து பார்க்க மாட்டார் என்று
யாரோ கூட்டம் போட்டு முடிவு செய்திருக்கிறார்கள்.

சிரித்தாரா: இல்லை.
காரணம், ஐம்பது சொற்களுக்குள்.
வாளி, என்று தொடங்கினேன்.
இன்னும் நாற்பத்தொன்பது மீதமிருந்தன.

ஆறு வாரம் கழித்து இருபத்தேழு வெள்ளி வந்தது.
கேட்காததை எழுதியதற்கு ஐந்து வெள்ளி பிடித்தமாம்.
கூடவே அடுத்த வேலை:
ஜெலுத்தோங்கில் செருப்புக்கடை,
எட்டாம் நம்பர் போட்டுப் பார்க்க வேண்டும்,
வாங்கக் கூடாது.

போகிற வழியில் கொம்தாரில் இறங்கினேன்,
யாரும் காசு தராத ஒரு கால்மணி நேரம்.
வாளியை மாற்றியிருந்தார்கள்.
முன்னதைவிடப் பெரியது.
மூடி கூட இருந்தது, பக்கத்தில் தொங்கிக்கொண்டு.

வரிசைக்கு அப்பாலிருந்து லோஷினி
அதைப் புருவத்தால் காட்டினாள்.
பிறகு முகத்தை டிஷ்யூவால் மூடிக்கொண்டு குலுங்கினாள்.
நானும்,
முன்னால் நின்ற பெரியவர் திரும்பிப் பார்க்குமளவுக்கு.